கருவியில் கேட்பது யாருடைய துடிப்பு?

38 வாரக் கர்ப்பிணி ஒருவருக்கு வயிற்றில் பிள்ளையின் அசைவு குறைந்துவிட்டதாகத் தோன்றியது. வீட்டிலேயே இதயத்துடிப்பைக் கேட்கும் சிறு கருவி ஒன்று அவரிடம் இருந்தது. வயிற்றில் வைத்துப் பார்த்தார், துடிப்புக் கேட்டது. மனம் ஆறி, மருத்துவமனைக்குப் போவதைத் தள்ளிப்போட்டார். பிறகு போனபோது, ஸ்கேன் திரையில் பிள்ளையின் இதயம் அசைவற்றுக் கிடந்தது. இங்கிலாந்தின் மேற்கு சசெக்ஸ் பகுதியில் பணியாற்றிய அபிஜோய் சக்லாதர், ஹேசல் அடம்ஸ் என்ற இரு மருத்துவர்கள் 2009இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் இதைப் பதிவுசெய்தார்கள். அப்படியானால் அந்தத் தாயின் காதில் விழுந்தது என்ன?

நயினாதீவிலிருந்து யோசித்தால் இந்தக் கேள்வி இன்னும் கனக்கிறது. யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணை, வேலணை, புங்குடுதீவு என்று முப்பது கிலோமீற்றருக்கும் மேல் வந்து, குறிகட்டுவான் இறங்குதுறையில் படகேறினால்தான் தீவு. கடல் அமைதியாக இருந்தால் இருபது நிமிடத்தில் கரை சேரலாம். சோழகம் பலத்து வீசும் மாதங்களில் அதே தூரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருக்கவேண்டிய தூரம். பொழுதுபட்டால் வழமையான படகுச் சேவை இல்லை. தீவில் பிரதேச வைத்தியசாலை உண்டு; சிக்கல் என்று வந்தால் யாழ். போதனா வைத்தியசாலைக்குத்தான் போகவேண்டும். நாள் நெருங்கியதும் பிள்ளைத்தாச்சிகள் நகரில் உறவினர் வீட்டில் போய்த் தங்குவதும் இதனால்தான். இப்படியான ஓரிடத்தில், சில ஆயிரம் ரூபாய்க்கு இணையத்தில் வாங்கக்கூடிய, அல்லது ஆனித் திருவிழாவுக்கு இலண்டனிலிருந்து வரும் அக்காவின் பெட்டிக்குள் வந்து சேரக்கூடிய ஒரு கருவி, "பிள்ளை சுகமாக இருக்கிறது, இந்த இருட்டில் கடல் தாண்டத் தேவையில்லை" என்று சொல்லுமென்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? அந்த ஆசை மிக நியாயமானது. அதை நிறைவேற்றும் தகுதி இந்தக் கருவிக்கு இருக்கிறதா என்பதைத்தான் பார்க்கவேண்டும்.

கருப்பைக்குள் கேட்கும் துடிப்பு தாயுடையதா பிள்ளையுடையதா என்ற ஐயம் இன்று நேற்று வந்ததல்ல. பிரான்சில் லாயென்னெக் 1816இல் ஸ்ரெதஸ்கோப்பை உருவாக்கிய சில ஆண்டுகளுக்குப் பின், 1821இல், கெர்கராடெக் என்ற மருத்துவர் அதைக் கர்ப்பிணி ஒருவரின் வயிற்றில் வைத்துக் கேட்டார். பிள்ளை அசையும்போது பனிக்குட நீர் சலசலக்கிறதா என்று அறிவதே அவர் நோக்கம். சலசலப்புக் கேட்கவில்லை. வேறு இரண்டு ஒலிகள் கேட்டன. ஒன்று, விரைவான இரட்டைத் துடிப்பு. மற்றது, காற்றை ஊதுவதுபோன்ற நீண்ட இரைச்சல். அவர் தாயின் மணிக்கட்டில் நாடி பிடித்துப் பார்த்தார். இரைச்சல் அந்த நாடியோடு சேர்ந்து வந்தது. இரட்டைத் துடிப்போ அதைப்போல ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில் தன்பாட்டில் ஓடியது. அப்படியானால் இது இன்னொரு இதயம் என்று அவர் முடிவுக்கு வந்தார். ஒரே வயிற்றிலிருந்து இரண்டு உயிர்களின் ஒலி வருகிறது என்பதும், நாடியோடு ஒப்பிட்டால்தான் அவற்றைப் பிரித்தறியலாம் என்பதும் அப்போதே தெரிந்துவிட்டன.  

பின்னர் 1895இல் பாரிஸ் மருத்துவர் பினார் ஒரு சிறு ஊதுகுழல் வடிவக் கருவியை அமைத்தார். அகன்ற வாயை வயிற்றில் வைத்து, மறுமுனையில் காதை வைக்கவேண்டும். மின்சாரம் இல்லை, மின்கலம் இல்லை. இன்றும் மருத்துவமாதுகளின் கையில் அது இருக்கிறது. அதில் கேட்பது பிள்ளையின் இதயம் உண்மையாக எழுப்பும் ஒலி. இதய வால்வுகள் மூடும் சத்தம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் வீட்டுக் கருவியில் கேட்பது அந்த ஒலியே அல்ல.

வீட்டுக் கருவியின் பெயர் டொப்ளர். 1842இல் பிராக் நகரில் கிறிஸ்தியான் டொப்ளர் என்ற இயற்பியலாளர் சொன்ன ஓர் உண்மையில் அது இயங்குகிறது. குறிகட்டுவானிலிருந்து படகில் போனவர்களுக்கு அந்த உண்மை உடம்பாலேயே தெரியும். படகு அலைக்கு எதிரே ஓடும்போது அணியத்தில் அடி அடிக்கடி விழும். திரும்பி வரும்போது, அதே கடல், அதே காற்று; ஆனால் படகு அலையோடு சேர்ந்து ஓடுவதால் அடி விட்டுவிட்டு விழும். அலைகள் மாறவில்லை. படகு எந்தப் பக்கம், எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்பதைப் பொறுத்து, ஒரு நிமிடத்தில் அது சந்திக்கும் அலைகளின் எண்ணிக்கை மாறுகிறது. கண்ணைக் கட்டிப் படகில் உட்காரவைத்தாலும், அடிகளை எண்ணியே படகு அலையை எதிர்க்கிறதா அலையோடு போகிறதா என்று சொல்லிவிடலாம்.

கருவி செய்வது இதுதான். அதன் முனையிலிருந்து கழியொலி புறப்படுகிறது. காதுக்கு எட்டாத அளவுக்கு உயர்ந்த மீடிறன் கொண்ட ஒலி அது. அதாவது ஒரு விநாடிக்குள் வரும் அலைகளின் எண்ணிக்கை மிகப் பெரியது, 20 இலட்சம் அல்லது அதற்கும் மேல். அந்த அலைகள் உடம்புக்குள் போய், இழையங்களில் பட்டுத் திரும்புகின்றன. அசையாத இழையத்தில் பட்டவை போன மாதிரியே திரும்பும். கருவியை நோக்கி அசையும் ஒன்றில் பட்டவை சற்றுக் கூடிய மீடிறனோடும், விலகி அசைவதில் பட்டவை சற்றுக் குறைந்த மீடிறனோடும் திரும்பும். இந்த வித்தியாசம் மிகச் சிறியது. விநாடிக்கு 20 இலட்சம் அலைகளில் சில நூறு மட்டுமே கூடும், குறையும். ஆனால் விநாடிக்குச் சில நூறு என்பது மனிதக் காது கேட்கும் எல்லைக்குள் அழகாக வந்து விழுகிறது. ஆகவே கருவி அந்த வித்தியாசத்தை மட்டும் பிரித்தெடுத்து ஒலிபெருக்கியில் விடுகிறது. நாம் கேட்கும் "டக் டக்" இதயத்தின் குரல் அல்ல. உள்ளே ஏதோ ஒன்று முன்னும் பின்னும் அசைகிறது என்ற செய்திக்குக் கருவி கொடுத்த ஒலிவடிவம். 1964இல் அமெரிக்க மருத்துவர்கள் சிலர் இந்த முறையால் பிள்ளையின் இதயத்தை அறியலாம் என்று காட்டினார்கள். அதிலிருந்தே இன்றைய கையடக்கக் கருவிகள் வந்தன.

அசைவது எது என்று கருவிக்குத் தெரியாது. சிக்கலின் வேர் இதுதான். தாயின் வயிற்றுக்குள் சீராக அசையும் பொருள்கள் பல. முதுகெலும்பை ஒட்டிப் பெருநாடி ஓடுகிறது. கருப்பையின் இரு பக்கமும் கருப்பை நாடிகள், கர்ப்ப காலத்தில் பருத்துப்போய், பெருமளவு குருதியைக் கொண்டுசெல்கின்றன. சூல்வித்தகத்தில், நாம் நஞ்சு என்று சொல்லும் அந்த உறுப்பில், தாயின் குருதி பாய்ந்துகொண்டிருக்கிறது. இவை எல்லாம் தாயின் இதயம் அடிக்கும் தாளத்தில் இயங்குபவை. கருவியின் கதிர் இவற்றில் எதன்மீது பட்டாலும் தாளத்தோடு ஒரு ஒலி கேட்கும். பிள்ளையின் இதயம் நின்றுபோன பின்பும் இவை நிற்பதில்லை. பயிற்சியில்லாத கையில் சூல்வித்தகத்தின் அல்லது தாயின் பெருங்குழாய்களின் குருதியோட்டம் கேட்பதற்கே வாய்ப்பு அதிகம் என்று சக்லாதரும் அடம்ஸும் எழுதினார்கள்.

"வேகத்தைப் பார்த்தால் தெரியாதா?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. ஓய்வாக இருக்கும் தாயின் இதயம் நிமிடத்துக்கு 60 முதல் 100 தடவை அடிக்கும். மாதம் நிறைந்த பிள்ளையின் இதயம் 110 முதல் 160. பெரும்பாலும் இந்த இடைவெளி போதும். ஆனால் காய்ச்சல், பயம், வலி, குருதிச்சோகை எதுவானாலும் தாயின் வேகம் 110ஐத் தாண்டிவிடக்கூடும். பிள்ளைக்கு என்னவோ என்று நடுங்கிக்கொண்டு கருவியைக் கையில் எடுக்கும் தாயின் இதயம் நிதானமாகவா அடிக்கும்? திரையில் தெரியும் இலக்கத்தையும் நம்பிவிட முடியாது. ஒரு இதயத்துடிப்பில் சுருங்குவது ஒரு அசைவு, விரிவது இன்னொரு அசைவு. கருவி இரண்டையும் இரண்டு துடிப்பாக எண்ணிவிட்டால் தாயின் 70, திரையில் 140 என்று தெரியும். 140 என்பது பிள்ளைக்கு மிகச் சரியான இலக்கம். ஆறுதல் தருவதற்கென்றே அளந்து வைத்ததுபோன்ற பிழை இது.

மருத்துவமனைகளில் வயிற்றில் பட்டி கட்டி, பிள்ளையின் துடிப்பைத் தாளில் கோடாக வரையும் பெரிய இயந்திரமான சீரீஜியும் இதே கழியொலியைத்தான் பயன்படுத்துகிறது. பயிற்சிபெற்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது தாயின் துடிப்பைப் பிள்ளையுடையது என்று பதிந்துவிடுவதுண்டு. பிரித்தானியாவின் மருத்துவக் கருவி ஒழுங்குமுறை நிறுவனம் இதுபற்றி 2010இல் எச்சரிக்கையே விடுத்தது. அங்கேயே இது நடக்குமென்றால், படுக்கையறையில் ஜெல் பூசிக்கொண்டு தனியே தேடும் பெண்ணைப் பற்றி என்ன சொல்வது?

கிளினிக்கில் குடும்பநல உத்தியோகத்தர் இதே போன்ற கருவியை எடுக்கும்போது என்ன செய்கிறார் என்று ஒருநாள் கவனித்துப் பாருங்கள். முதலில் இரண்டு கையாலும் வயிற்றைத் தடவி, தலை எங்கே, முதுகு எந்தப் பக்கம் என்று பார்ப்பார். பிள்ளையின் முதுகுப் பக்கத்தில்தான் இதயம் தெளிவாகக் கேட்கும் என்பதால் கருவி அங்கே போகும். கேட்டுக்கொண்டே தாயின் மணிக்கட்டில் நாடி பிடிப்பார். இரண்டு தாளமும் வேறுவேறாக ஓடினால்தான் அது பிள்ளை. ஐயம் வந்தால் பினார் குழலை எடுப்பார். டொப்ளரைப் போலன்றி அது உண்மையான இதய ஒலியையே தரும். இன்னும் ஐயம் என்றால் ஸ்கேன். அங்கே இதயம் அசைவதைக் கண்ணால் பார்க்கலாம். கருவி இதில் ஒரு பங்குதான். கையும் நாடியும் அனுபவமும் சேர்ந்துதான் அந்த ஒரு நிமிடம் நடக்கிறது. பெட்டிக்குள் வந்திறங்குவது கருவி மட்டுமே.

சரி, கேட்டது பிள்ளையின் துடிப்பேதான் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் அது சொல்வது ஒன்றுதான்: இந்தக் கணத்தில் இதயம் இயங்குகிறது. நாளைக் காலைவரை இயங்குமா என்பதற்கு அதில் பதில் இல்லை.

சூல்வித்தகம் பலவீனமாகி, பிள்ளைக்குப் போகும் ஒட்சிசன் மெல்ல மெல்லக் குறைகிறது என்றால் பிள்ளையின் உடல் சிக்கனத்தில் இறங்கும். மூளைக்கும் இதயத்துக்கும் போகும் குருதியைக் காப்பாற்றிக்கொண்டு மற்ற இடங்களுக்குக் குறைக்கும். சிறுநீரகத்துக்குக் குருதி குறைவதால் பிள்ளை கழிக்கும் சிறுநீர் குறையும். அதனால் பனிக்குட நீர் வற்றும். வளர்ச்சி மந்தமாகும். கைகால் அசைப்பது ஒட்சிசனை அதிகம் செலவழிக்கும் வேலை என்பதால் அதுவும் குறையும். ஒக்ஸ்போர்டில் ஜெஃப்ரி டோஸ் என்பவரின் குழு 1970களில் கருவிலிருக்கும் ஆட்டுக்குட்டிகளை ஆராய்ந்தபோது, ஒட்சிசன் குறைந்ததும் குட்டி மூச்சுப் பயிற்சிபோலச் செய்யும் நெஞ்சசைவுகள் நின்றுவிடுவதைக் கண்டது. இதயமோ கடைசிவரை அடித்துக்கொண்டிருக்கும். அதைக் காப்பாற்றத்தானே மற்ற எல்லாவற்றையும் உடல் விட்டுக்கொடுக்கிறது! ஆகவே இதயத்தைக் கேட்டு நலத்தை அறிவது, கடைசியாகக் கெடுவதை முதலில் பார்க்கும் வேலை.

முதலில் மாறுவதில் தாய்க்கு நேரடியாகத் தெரியக்கூடியது அசைவு. 1973இல் எருசலேமில் சடோவ்ஸ்கி, யாஃபே என்ற இரு மருத்துவர்கள், தாய்மார் தினமும் குறித்துவந்த அசைவுக் கணக்குகளை வைத்து, இறப்புக்கு முன்பே அசைவு குறைவதும் நிற்பதும் நிகழ்கிறது என்று காட்டினார்கள். அசைவு நின்ற பிறகும் இதயம் சில மணிநேரமோ அதற்கு மேலுமோ இயங்கிய நிகழ்வுகள் இருந்தன. அந்த இடைவெளிதான் மருத்துவமனைக்குப் போகக் கிடைக்கும் நேரம். அந்த நேரத்தைத்தான் வீட்டுக் கருவி "துடிப்பு இருக்கிறதே" என்று சொல்லித் தின்றுவிடுகிறது. இந்த அசைவைத் தாயே கணக்கெடுப்பதற்காக, 1976இல் வேல்ஸின் கார்டிஃப் நகரில் பியர்சனும் வீவரும் பத்து அசைவுவரை எண்ணும் அட்டையை அறிமுகப்படுத்தினார்கள்.

இங்கே ஒரு சங்கடமான உண்மையையும் சொல்லவேண்டும். அசைவைப் பற்றித் தாய்மாருக்குத் திட்டமிட்டு எடுத்துச் சொல்லி, குறைந்தால் உடனே பரிசோதிப்பது இறந்து பிறப்பதைக் குறைக்கிறதா என்று பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட கர்ப்பங்களில் சோதித்தார்கள். 'அஃபர்ம்' என்ற அந்த ஆய்வின் முடிவு 2018இல் வந்தது. இறந்து பிறப்பது குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. சத்திரசிகிச்சைப் பிரசவங்களும் மருந்தால் தூண்டிய பிரசவங்களும் கூடின. ஆகவே அசைவை எண்ணும் அட்டை உயிர்காக்கும் மந்திரம் என்று யாரும் சொல்லவேண்டாம். அசைவு குறைந்த எல்லாப் பிள்ளைகளும் ஆபத்தில் இல்லை. ஆபத்தில் இருக்கும் எல்லாப் பிள்ளைகளையும் காப்பாற்றவும் முடிவதில்லை. ஆனால் அசைவு குறைந்தது என்று தாய் உணர்ந்த பின், அந்த உணர்வை ஒரு கருவியின் ஒலியால் அழித்துவிடலாம் என்பதற்கு இந்த ஆய்வில் ஆதரவு இல்லை. தாய் சொல்வதை முறையாகப் பரிசோதிக்கவேண்டும் என்பதில் மருத்துவர்களிடையே இன்றும் மாற்றுக் கருத்து இல்லை.

கழியொலி பிள்ளையைச் சுட்டுவிடுமா என்றும் கேட்கிறார்கள். கழியொலி இழையங்களைச் சற்றுச் சூடாக்கக்கூடியது, சிலவற்றில் நுண்ணிய குமிழ்களை உண்டாக்கக்கூடியது. 2014 டிசம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இதைச் சொல்லி, மருத்துவத் தேவையில்லாமல் வீட்டில் துடிப்புக் கருவியைப் பயன்படுத்தவேண்டாம் என்று அறிவுறுத்தியது. அங்கே இவை மருத்துவரின் எழுத்துச்சீட்டுக்கு உரிய கருவிகள். இந்தச் சிறு கருவிகளின் சக்தி மிகக் குறைவு, இவற்றால் பிள்ளைக்குத் தீங்கு நேர்ந்ததாக நிரூபணமில்லை. ஆனால் மருத்துவமனையில் ஒரு நிமிடத்தில் முடியும் வேலையை வீட்டில் தினமும் அரை மணிநேரம் தேடிக்கொண்டிருப்பது தேவையற்ற வெளிப்பாடு. என் கணிப்பில் சூடு இரண்டாம் கவலை. முதற்கவலை, பொய்யான ஆறுதல்.

பொய்யான பயமும் உண்டு. பத்து, பன்னிரண்டு வாரத்தில் கருப்பை இன்னும் இடுப்பெலும்புக்குள்ளேயே கிடக்கும். தேர்ந்த கைக்கும் துடிப்பு அகப்படாமல் போகலாம். சூல்வித்தகம் முன்பக்கம் ஒட்டியிருந்தாலும் அப்படித்தான். முன்பு ஒரு பிள்ளையை இழந்த தாய்தான் இந்தக் கருவியை அதிகம் நாடுகிறார். துடிப்பு அகப்படாத அந்தப் பத்து நிமிடம் அவருக்கு என்னவாக இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். கைத்தொலைபேசியின் ஒலிவாங்கியால் துடிப்பைக் கேட்கலாம் என்று வரும் செயலிகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அவற்றில் கழியொலியே இல்லை. அவற்றை நம்பி எதையும் தீர்மானிக்க முடியாது.

பிரித்தானியாவில் இவை யாரும் கடையில் வாங்கக்கூடியவை. 2017இல் அன்ரனெற் சான்ட்பாக் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் விற்பனையை ஒழுங்குபடுத்தச் சட்டமூலம் கொண்டுவந்தார், அது சட்டமாகவில்லை. தடை வந்தால்கூடப் பெட்டிக்குள் வரும் கருவியைத் தடுக்க முடியுமா என்பது ஐயமே. ஆகவே நம் ஊரில் பேசவேண்டியது, கருவி வீட்டில் இருக்கும்போது எந்தத் தீர்மானத்தை அதனிடம் ஒப்படைக்கக்கூடாது என்பதை. படகேறுவதா இல்லையா என்பது அந்தத் தீர்மானம். மருத்துவமனை பக்கத்துத் தெருவில் இருப்பவருக்குக் கருவி ஒரு விளையாட்டு; ஐயம் வந்தால் நடந்தே போய்விடுவார். நெடுந்தீவிலோ நயினாதீவிலோ இருப்பவர்தான் அதை உண்மையாக நம்பத் தூண்டப்படுகிறார், ஏனென்றால் நம்பினால் ஒரு கடல் மிச்சம். தொலைவு கூடக்கூட ஆசையும் கூடுகிறது, பிழைத்தால் திரும்ப எடுக்க முடியாத நேரமும் கூடுகிறது.

இருபது வாரத்தையொட்டி அசைவு தெரியத் தொடங்கும். பிறகு ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பழக்கம் வரும். சிலது இரவில் துள்ளும், சிலது சாப்பாட்டுக்குப் பின். மாதம் நிறையும்போது இடம் போதாமல் அசைவு குறைவது இயல்பு என்று மூத்தவர்கள் சொல்வது சரியில்லை. அசைவின் தன்மை மாறலாம், குறைந்துகொண்டே போகக்கூடாது. வழக்கத்துக்கு மாறாக அசைவு குறைந்தால், இனிப்புக் குடித்துப் பார்ப்போம், விடியட்டும் என்று காத்திராமல், கருவியையும் எடுக்காமல், குடும்பநல உத்தியோகத்தருக்கோ தீவு வைத்தியசாலைக்கோ உடனே சொல்லவேண்டும். பகல் மூன்று மணிக்குத் தோன்றினால் மூன்று மணிக்கே சொல்லவேண்டும். கடைசிப் படகு போன பின் சொல்வதைவிட அது எல்லாருக்கும் எளிது. கடலைத் தாண்டிவிட்டால் 1990 என்ற எண்ணுக்குரிய இலவச அம்புலன்ஸ் சேவை 2018 முதல் வடக்கிலும் இயங்குகிறது.

போதனா வைத்தியசாலையில் என்ன செய்வார்கள் என்று தெரிந்தால் போகும் தயக்கம் குறையும். நாடி பிடித்து, பிள்ளையின் துடிப்பைக் கேட்பார்கள். பிறகு வயிற்றில் பட்டி கட்டி இருபது நிமிடமாவது துடிப்பைத் தாளில் பதிவார்கள். அங்கே அவர்கள் தேடுவது 140 என்ற இலக்கத்தை அல்ல. துடிப்பு கணத்துக்குக் கணம் சற்று ஏறி இறங்குகிறதா, பிள்ளை அசையும்போது வேகம் கூடுகிறதா என்பதைப் பார்க்கிறார்கள். ஒரே சீராக, ஏற்ற இறக்கமில்லாமல் ஓடும் துடிப்பு வீட்டுக் கருவியில் அழகாகக் கேட்கும். அந்தத் தாளில் அதுவே எச்சரிக்கை. தேவையென்றால் ஸ்கேனில் வளர்ச்சியையும் பனிக்குட நீரையும் அளப்பார்கள். பெரும்பாலும் எல்லாம் சரியாக இருக்கும், வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மறுநாளோ மறுவாரமோ அசைவு மறுபடி குறைந்தால் மறுபடியும் போகவேண்டும். "நேற்றுத்தானே வந்து பார்த்தீர்கள்" என்று யாரும் கேட்பார்களோ என்ற கூச்சம் வேண்டாம். அசைவு திரும்பத் திரும்பக் குறைவதை மருத்துவர்கள் முதல் தடவையைவிடக் கூடுதல் கவனத்தோடுதான் பார்க்கிறார்கள்.